கட்டி வெந்ததா? - எலாஸ்டோகிராபி வந்த கதை

உத்திரமேரூர் என்றதும் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டும் குடவோலையும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். இது கல்லைப் பற்றிய கட்டுரை அல்ல. உடம்புக்குள் கல் போல இறுகிப் போகும் சதையைப் பற்றியது. அந்த ஊரில் ஒருவருக்குக் கல்லீரலில் கட்டி என்று சந்தேகம் வந்தால், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கும் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். (1969ல் அண்ணாவைக் கொண்டுபோனதும் புற்றுநோய்தான்.)

கட்டியைத் தொட்டுப் பார்ப்பது மருத்துவத்தின் மிகப் பழைய பரிசோதனை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடியோடு ஸ்பரிசமும் ஒன்று. புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் சுற்றியுள்ள சதையை விட இறுக்கமாக இருப்பதால் விரலுக்குத் தட்டுப்படும். ஆனால் விலா எலும்புக்குப் பின்னால், கல்லீரலுக்கு உள்ளே இருக்கும் 2 சென்டிமீட்டர் கட்டியை எந்த விரல் தொடும்? சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒலியின் எதிரொலியைத்தான் படமாக்கும். இளகியதா இறுகியதா என்று அது சொல்லாது.

1991ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜோனதன் ஓஃபிர் குழுவினர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். யோசனை ரொம்ப எளிமை. ஒரு முறை எதிரொலியைப் பதிவு செய், லேசாக அழுத்து, மறுபடி பதிவு செய். இரண்டையும் ஒப்பிட்டால் மெத்தென்ற இடம் அதிகம் நசுங்கியிருக்கும், கெட்டியான இடம் அப்படியே இருக்கும். அந்த வித்தியாசத்தைப் படமாக்கினார்கள். வைத்த பெயர் எலாஸ்டோகிராபி.

கிட்டத்தட்ட அதே காலத்தில் வேறொரு வேலையும் நடந்தது. 1990ல் இத்தாலியில் ரோஸ்ஸியும் அமெரிக்காவில் மெக்காஹனும் தனித்தனியே, விலங்குகளின் கல்லீரலில் ஊசி குத்தி ரேடியோ அலை மின்சாரத்தால் சதையை வேக வைத்துக் காட்டினார்கள். இதுதான் அப்ளேஷன். இதில் ஊசி சூட்டுக்கோல் அல்ல. மாறி மாறிப் பாயும் மின்சாரத்தால் சதையில் உள்ள அயனிகள் அலைந்து உரசிச் சூடு பிறக்கிறது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முட்டை வெள்ளைக் கரு போலப் புரதம் உறைந்து, செல்கள் செத்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் நல்ல சதையும் சேர்ந்து வேக வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சினாலும் திரும்ப வளரும். அதிகமாகப் போனால் பித்தநாளமோ குடலோ வெந்துவிடும். சூட்டில் கிளம்பும் குமிழிகளோ ஸ்கேன் திரையில் வெள்ளை மேகமாகப் பரவி விளிம்பையே மறைத்துவிடும். இட்லிக் குண்டானைத் திறந்ததும் வரும் ஆவியில் ஒன்றும் தெரியாதே, அப்படி. அம்மாக்கள் அப்போது என்ன செய்வார்கள்? விரலை நனைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார்கள்!

வெந்த சதை பல மடங்கு கெட்டியாகிவிடும் என்பதால் இரண்டு கதையும் ஒன்று சேர்ந்தன. 1999ல் ஹூஸ்டன் குழு, குவித்த ஒலி அலையால் சுட்ட சதையை எலாஸ்டோகிராபியில் பார்க்க முடியும் என்று காட்டியது. மைசூர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, ஓஃபிரிடம் பணியாற்றி, பின் விஸ்கான்சின் போன டாமி வர்கீஸின் குழு 2002ல் உயிருள்ள விலங்கின் கல்லீரலில் இதைச் செய்தது. ஆழத்தில் உள்ள கல்லீரலை வெளியிலிருந்து சரியாக அழுத்த முடியாதே? அதற்கும் அவர்கள் வழி கண்டார்கள். குத்தியிருக்கும் அதே ஊசியைச் சற்று அசைத்தால் வெந்த பகுதி ஒட்டிக்கொண்டு கூடவே நகரும், விளிம்பு தெரிந்துவிடும். மொத்தக் கதையிலும் அழகான இடம் இதுதான். அழுத்தவே தேவையில்லாமல், சதைக்குள் குறுக்கலைகளை அனுப்பி அவற்றின் வேகத்தை அளக்கும் முறைகளும் அதே ஆண்டுகளில் வந்தன. கெட்டியான சதையில் அலை வேகமாக ஓடும்.

ஓஃபிரின் கூடத்தில் வேலை பார்த்த இன்னொருவர் அருண் திட்டை. கட்டி சுற்றுச்சதையோடு ஒட்டியிருக்கிறதா, வழுக்குகிறதா என்பதைப் படத்தில் பார்க்கும் ஆய்வில் பங்கெடுத்தவர். மார்பில் வரும் சாதுவான நார்க்கட்டி வழுக்கும், புற்று வேரோடிப் பிடித்திருக்கும். பின்னர் அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் அல்ட்ராசவுண்ட் ஆய்வுக்கூடம் நடத்தலானார். ஆக இந்தக் கதை உத்திரமேரூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் வார்டுக்கும் தூரம் அதிகம். நோயாளி மூச்சு விடுகிறார், இதயம் துடிக்கிறது, குமிழிகள் சமிக்ஞையைக் கெடுக்கின்றன. சிர்ரோசிஸ் வந்த கல்லீரல் ஏற்கனவே இறுகியிருப்பதால் வெந்த பகுதி தனித்துத் தெரிவதும் குறைகிறது. அதனால் இன்றும் அப்ளேஷன் முடிந்து சுமார் ஒரு மாதம் கழித்து, ரத்தநாளத்தில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனைத்தான் பெரும்பாலும் நம்புகிறார்கள். அதில் ஓரமாக மிச்சம் தெரிந்தால், மறுபடி பஸ், மறுபடி ஊசி.