நாய்களில் முழங்காற்சில்லு விலகல்

நாய்களில் முழங்காற்சில்லு விலகல் என்பது, பின்னங்காலின் முழங்காற்சில்லு தொடையெலும்பின் கீழ்முனையிலுள்ள பள்ளத்தை விட்டுப் பக்கவாட்டில் நழுவும் நிலை ஆகும். பொமரேனியன், சிவாவா, யார்க்சயர் டெரியர், சிறுவகைப் பூடில் போன்ற சிறிய இன நாய்களில் இது பரவலாகக் காணப்படுகின்றது. இவற்றில் சில்லு பெரும்பாலும் உட்புறமாகவே விலகும். இரு கால்களும் பாதிக்கப்படுவதும் உண்டு.

அறிகுறிகள்

ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று எட்டுகள் தாவிச் சென்று, பின்னர் ஒன்றும் நடவாதது போல் ஓடத் தொடங்கும். வலியால் கத்தாததால் வளர்ப்போர் பலர் இதனை விளையாட்டு என்றே எண்ணிவிடுகின்றனர்.

படிநிலைகள்

1969 ஆம் ஆண்டில் சிங்கிள்டன் வெளியிட்ட நான்கு படிநிலைப் பகுப்பே இன்றும் கையாளப்படுகின்றது. முதற்படியில், மருத்துவர் கையால் தள்ளினால் மட்டும் சில்லு விலகி, விட்டவுடன் தானே திரும்பும். இரண்டாம் படியில் அது தானாகவே விலகி, கால் நீட்டப்படும்வரை அல்லது கையால் தள்ளப்படும்வரை வெளியில் நிற்கும். மூன்றாம் படியில் பெரும்பாலும் விலகியே இருக்கும்; கையால் உள்ளே தள்ளினாலும் மீண்டும் நழுவும். நான்காம் படியில் கையால் தள்ளியும் திரும்பாது.

அறுவை மருத்துவம் எப்போது தேவை?

படிநிலை எண் மட்டும் இதனை முடிவு செய்வதில்லை. முதற்படியில், நொண்டாத நாய்க்கு வழக்கமாக அறுவை தேவைப்படாது. எடையைக் கட்டுக்குள் வைத்து, குறித்த இடைவெளியில் பரிசோதித்து வருதல் போதும். மூன்றாம், நான்காம் படிகளில், நொண்டும் நாய்க்குப் பொதுவாக அறுவை பரிந்துரைக்கப்படுகின்றது.

கடினமான முடிவு இரண்டாம் படிக்கே உரியது. மாதத்திற்கு ஓரிரு முறை மட்டும் காலைத் தூக்கும் முதிர்ந்த நாயை மயக்க மருந்துக்கு உட்படுத்துவதில் பெரும்பயன் இல்லை. ஆனால் நொண்டுதல் நாள்தோறும் நிகழ்ந்தாலோ, அடிக்கடி கூடிவந்தாலோ, தொடைத்தசை மெலிந்தாலோ காத்திருப்பது தீங்காகும். சில்லு ஒவ்வொரு முறை நழுவும்போதும் குருத்தெலும்பு உராய்ந்து தேய்கின்றது. தேய்ந்த குருத்தெலும்பை அறுவை மீட்டுத் தராது. எனவே நொண்டும் நாட்களைக் குறித்து வைப்பதும், நடையை நிகழ்படமாக எடுத்து மருத்துவரிடம் காட்டுவதும் மிகவும் உதவும். மருத்துவமனையில் நாய்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கும்.

வளரும் குட்டிகளில் கடுமையான விலகல் இருப்பின் எலும்புகளே வளைந்து வளரக்கூடும் என்பதால் விரைவில் அறுவை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். எனினும் வளர்ச்சித்தட்டு மூடுமுன் எலும்பை வெட்டி நகர்த்தும் முறைகள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

நெடுங்காலமாக இலேசாக நொண்டிவந்த நாய் திடீரெனக் காலை ஊன்ற மறுத்தால், முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கக்கூடும். இது வேறு சிக்கல், முடிவும் மாறும்.

அறுவை முறையும் பின்னரும்

பள்ளத்தை ஆழப்படுத்துதல், சில்லின் தசைநார் பொருந்தும் கணைக்கால் எலும்பு முனையை வெட்டி நேர்கோட்டில் பொருத்துதல், மூட்டுறையின் ஒருபுறத்தைத் தளர்த்தி மறுபுறத்தை இறுக்குதல் ஆகியன தேவைக்கேற்ப ஒன்றாகச் செய்யப்படுகின்றன. பின்னர் சுமார் 6 முதல் 8 கிழமைகள் ஓட்டமும் குதித்தலும் கூடா. கட்டிலிலும் நாற்காலியிலும் ஏறவிடுதல் கூடாது. இக்கட்டுப்பாட்டை வீட்டில் பேண இயலுமா என்பதை முன்னரே எண்ணிப் பார்த்தல் நன்று. சில நாய்களில் சில்லு மீண்டும் விலகுவதுண்டு. உயர்ந்த படிநிலைகளில் இவ்வாய்ப்பு மிகுதி.

மனிதருக்கான இபுப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகள் நாய்களுக்கு நஞ்சாகும். இக்குறைபாட்டில் மரபுவழிப் பங்கு இருப்பதால், பாதிக்கப்பட்ட நாய்களை, அறுவையால் குணமடைந்திருப்பினும், இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்துதல் தகாது.