மாசாய் வெயிலுக்கு எந்தக் குடில்? மிளகாய் பயிரிடுவோர் கவனிக்க வேண்டியவை

மாசாய் – வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால் நாலு பாலிபேக்கில் மிளகாய் வைப்பது தோட்டப்புறத்திலும் தாமான் வீடுகளிலும் இன்றும் உள்ள பழக்கம். நாட்டுக்குத் தேவையான மிளகாயில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வருவதால், நூறு இருநூறு செடி வைத்துச் சந்தைக்குக் கொடுக்கலாம் என நினைப்பவர்களும் உண்டு. அப்படித் தொடங்குவோர் முதலில் பெரிய தொகையைப் போடுவது குடிலுக்குத்தான். அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் செடி நன்றாக வளரும். காய் மட்டும் பிடிக்காது.

குளிர்நாட்டுக் குடில் இங்கு உதவாது

பசுமைக் குடில் குளிர்நாட்டுக்காரர்கள் வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கக் கட்டியது. இணையத்தில் விற்கப்படும், நான்கு பக்கமும் பிளாஸ்டிக்கால் மூடி ஜிப் வைத்த குடில்களும் அந்த வகைதான். மாசாயில் நண்பகல் வெப்பம் சாதாரணமாகவே 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மூடிய குடிலுக்குள் அது 40ஐத் தாண்டிவிடும். மிளகாய்ச் செடிக்கு 32 டிகிரிக்கு மேல் போனாலே பூ உதிரத் தொடங்கும். 35க்கு மேல் மகரந்தம் வீரியம் இழக்கும்.

மாசாயில் குடிலின் முதல் வேலை மழையைத் தடுப்பது. மழைநீர் தெறித்துத்தான் காயழுகல் நோய் செடிக்குச் செடி பரவுகிறது. தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பையில் சொட்டுநீருடன் உரம் கொடுப்பவர்களுக்கு, ஒரு கனமழை போதும். கொடுத்த உரமெல்லாம் கரைந்து ஓடிவிடும். ஆகவே மேலே கூரை, பக்கங்கள் திறப்பு என்ற மழைக்காப்புக் குடிலே இங்கு ஏற்றது. விவசாயிகள் இதை ‘ரூமா லிண்டுங்கான் ஹூஜான்’ என்பார்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உயரம்: ஓரத்தில் 8 அடிக்கும் நடுவில் 12 அடிக்கும் குறையாமல் இருப்பது நல்லது. சூடான காற்று மேலே போகும் என்பதால், கூரை உச்சியில் அது வெளியேற இடைவெளி விட்ட இரட்டை அடுக்குக் கூரை சிறந்தது. அகலமான ஒரே குடிலைவிட, இடைவெளி விட்ட இரண்டு குறுகிய குடில்களில் காற்றோட்டம் அதிகம்.

கூரை: புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரித்த 200 மைக்ரான் தெளிந்த பிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் சில மாதங்களில் நொறுங்கிப் போகும். கறுப்பு நிழல்வலை நாற்றுக்குப் போதும். மிளகாய்க்குத் தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் தேவை.

பூச்சிவலை: வெள்ளை ஈயையும் அசுவினியையும் தடுக்கப் பக்கங்களில் வலை கட்டுவோர் உண்டு. கண் சிறுத்த வலை காற்றையும் தடுக்கும். வலை கட்டுவதென்றால் கூரையை இன்னும் உயர்த்த வேண்டும். காற்று குறைந்த குடிலில் பூத்த செடிகளைக் காலையில் லேசாக அசைத்துவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

சட்டம்: அதிகாலையில் வீசும் சுமத்ரா சூறைக்காற்று லேசான குடிலைத் தூக்கிவிடும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை ஆழமாக ஊன்ற வேண்டும். பற்றவைப்பதைவிடப் போல்ட் போட்டு இணைப்பது நல்லது. தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் கைமாறும் வட்டாரம் இது. கழற்றி வேறு இடத்தில் நிறுத்தக்கூடிய குடிலில் போட்ட பணம் வீணாகாது. நிலம் தோட்ட நிர்வாகத்துடையது என்றால் எழுத்துப்பூர்வ அனுமதியும், தாமான் வீடு என்றால் ஊராட்சி மன்றத்தின் விளக்கமும் முதலிலேயே பெறுவது பாதுகாப்பு.

குடைமிளகாய் ஆசை வேண்டாம்

கேமரன் மலையில் குடைமிளகாய் குடிலுக்குள் செழிப்பாக விளைகிறது. அது கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள இடம். குடைமிளகாய் நன்கு காய்க்க இரவு குளிர்ச்சி தேவை. மாசாயில் இரவிலும் 23, 24 டிகிரிக்குக் குறைவது அரிது. எந்தக் குடிலும் அந்தக் குளிர்ச்சியைத் தராது. இயந்திரம் வைத்துக் குளிரூட்டினால் மின்கட்டணம் வருமானத்தைத் தின்றுவிடும். பெயரிலேயே ஜொகூர் ஊரைக் கொண்ட கூலாய் மிளகாய், மார்டி ஆய்வுக் கழகத்தின் எம்சி 11, சீலி பாடி போன்றவை இங்குள்ள வெப்பத்துக்குப் பழகியவை.

குடில் வந்த பிறகு

மழை படாத இலையில் இலைப்பேனும் சிலந்திப்பூச்சியும் பெருகும். வெளியில் மழையே அவற்றைக் கழுவிவிடும். குடிலுக்குள் அந்த வேலை வளர்ப்பவருடையது. வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது அவசியம். தரையில் வெள்ளி நிறம் மேலே தெரியும்படி ‘சில்வர்ஷைன்’ விரிப்பது அசுவினியையும் இலைப்பேனையும் ஓரளவு விலக்கும்.

கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துப் பாசனத்துக்குப் பயன்படுத்தலாம். தொட்டியை இறுக மூட வேண்டும். ஏடிஸ் கொசு பெருகினால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் வரும். டிங்கி வீட்டுக்குள்ளேயே வரும்.

புதிதாகத் தொடங்குவோர் 20 செடிக்கு ஒரு சிறு கூரை போட்டு, நண்பகலில் அதனுள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். வெளியில் உள்ளதைவிட இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் கூடினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்து ஓர் அறுவடை எடுத்தபின் பெரிய குடிலுக்குச் செலவு செய்யலாம். வட்டார விவசாய இலாகா அலுவலகத்தில் பயிற்சி, உதவித் திட்டங்கள் பற்றிக் கேட்டறிந்த பிறகு பணம் கட்டுவதே நல்லது.