கால்சட்டை அளவும் காலடிக் கணக்கும்

லண்டன் நகரின் சிவப்புநிற இரட்டை மாடிப் பேருந்துகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1950ஆம் ஆண்டு வாக்கில் அவற்றின் ஓட்டுநர் நாள் முழுவதும் ஒரே இருக்கையில் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக ஒரு வேலைநாளில் 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறினார். இவ்விருவரில் யாருடைய இதயம் நீடித்து உழைக்கும்? ஜெரி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் இக்கேள்வியை எழுப்பினார். 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் நோய்க் குறிப்புகளை அவரும் துணைவர்களும் ஆராய்ந்து, 1953இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். நடத்துநரிடையே மாரடைப்புக் குறைவு. மாரடைப்பு வந்தவர்களிலும் உடனே இறந்தோர் குறைவு.

இந்த ஆய்வைப் பலரும் அறிவர். 1956இல் மாரிஸ் செய்த அடுத்த வேலையை அறிந்தோர் சிலரே. ஓட்டுநர்கள் முன்பே பருமனானவர்களாக இருந்திருந்தால்? இதைக் கண்டறிய அவர் யாருடைய இடுப்பையும் அளக்கப் போகவில்லை. ஊழியர்களுக்கு நிறுவனம் சீருடை வழங்கியதல்லவா? அந்தச் சீருடைக் கணக்கைப் புரட்டிக் கால்சட்டையின் இடுப்பளவுகளை எடுத்துக்கொண்டார். எல்லா வயதிலும் ஓட்டுநரின் இடுப்பே பெரிதாக இருந்தது, இளம் ஓட்டுநரிடம் கூட! அப்படியானால் வேற்றுமை முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுத முடியாது. தம் முடிவையே சற்று அசைத்துப் பார்க்கும் செய்தியைத் தாமே வெளியிட்ட மாரிஸின் நேர்மையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

நமக்கு இங்கு வேண்டியது வேறொன்று. அந்த ஊழியர்கள் ஓர் ஆராய்ச்சிக்காகத் தாம் அளக்கப்படுவதை அறியவில்லை. தையற்காரரிடம் வயிற்றை எக்கிக் காட்டினால் பிறகு கால்சட்டை இறுகி அவதிப்படுவது நாம்தானே! ஆகவே அந்த அளவுகள் மெய்யானவை. தாம் கவனிக்கப்படுவதை மனிதன் அறிந்துகொண்டால் என்ன ஆகும்?

இக்கேள்விக்குப் பழைய உதாரணமாகச் சிக்காகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையைச் சொல்வார்கள். 1924 முதல் 1932 வரை அங்கு ஆய்வுகள் நடந்தன. விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்தது, கவனிக்கப்பட்டதே காரணம் என்பது கதை. பழைய விளக்கொளிக் கணக்குகளைப் பொருளியலறிஞர் இருவர் மீண்டும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டபோது, கதையில் சொல்லப்பட்ட அளவுக்கு விளைவு தென்படவில்லை. எனவே அதனை அங்கேயே விட்டுவிட்டு நடைக்கு வருவோம்.

நடையை எண்ணும் கருவிக்குப் பெடோமீட்டர் என்று பெயர், நடைமானி எனலாம். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு பெட்டி அது. பிற்காலத்து வகையொன்றில் சுருள்வில்லில் தொங்கும் ஒரு நெம்புகோல் இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு மேலும் கீழும் அசைய, நெம்புகோலும் அசைந்து எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த 1964ஐ அடுத்து, 1965இல் ஜப்பானில் யமசா என்னும் நிறுவனம் 'மான்போ-கேய்' என்ற நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பத்தாயிரம் அடி மானி' என்பது அதன் பொருள். இன்று உலகெங்கும் வேதவாக்காகக் கருதப்படும் 10,000 அடி பிறந்தது ஆய்வுக்கூடத்தில் அன்று, ஒரு விற்பனைப் பெயரில்!

பின்னர் ஆராய்ச்சியாளர்கள் இதனை அளவுகருவியாக எடுத்துக்கொண்டபோது ஒரு சங்கடம் எழுந்தது. காய்ச்சல்மானியை வாயில் வைப்பதால் காய்ச்சல் கூடுவதில்லை. நடைமானியை இடுப்பில் மாட்டினாலோ நடை கூடிவிடுகிறது. எவ்வளவு கூடுகிறது என்று அறிய, மாட்டியவருக்கே தெரியாமல் ஒருமுறை எண்ண வேண்டும். அதெப்படி முடியும்?

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் ஒரு பொய் சொன்னார்கள். "இது உங்கள் உடல் நிற்கும், அமரும் நிலையைப் பதிவு செய்யும் கருவி" என்று கூறி நடைமானியை மாட்டிவிட்டனர். அடுத்து உண்மையைச் சொல்லி, எண் தெரியாதபடி மூடி ஒட்டிக் கொடுத்தனர். பிறகு எண்ணைப் பார்க்கவிட்டனர். கடைசியில் அன்றாட எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதவும் சொன்னார்கள். 2009இல் வெளிவந்த முடிவைப் பாருங்கள்: தெரியாமல் எண்ணியபோது நடை மிகக் குறைவு, தாமே பார்த்துத் தாமே எழுதியபோது மிக அதிகம். இரண்டுக்கும் இடையே நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள்! பிறர் எண்ணுகிறார் என்ற நினைவைவிட, தன் கையால் எழுத வேண்டும் என்ற நினைவே காலை மிகுதியாக நகர்த்தியது.

நடுவயதினரிடம் இது நிலைக்குமா என்பதுதான் மருத்துவருக்குக் கவலை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 26 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்டனர். பங்கேற்றோரின் சராசரி வயது 49. ஒப்பீட்டுச் சோதனைகளில், நடைமானி அணிந்தோர் மற்றவரைவிட நாளொன்றுக்குச் சுமார் 2,500 அடிகள் கூடுதலாக நடந்தனர். இத்தனை அடி என்று இலக்கு வைத்துக்கொண்டவர்களே பெரிதும் முன்னேறினர். ஆனால் இவற்றுள் பல சில மாதங்களே நடந்த ஆய்வுகள்.

நீண்டநாள் விடை லண்டனிலிருந்தே வந்தது. 45 முதல் 75 வயது வரையுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த 'பேஸ்-அப்' என்ற ஆய்வு அது. ஒரு பிரிவினருக்கு நடைமானியும் குறிப்பேடும் அஞ்சலில் வந்தன. மற்றொரு பிரிவினருக்கு இவற்றோடு செவிலியரின் ஆலோசனையும் கிடைத்தது. மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் இருந்தனர். ஓராண்டு கழித்து, எண்ணைக் காட்டாத கருவியால் அளந்தபோது, முதலிரு பிரிவினரும் மூன்றாமவரைவிட நாளொன்றுக்கு 600க்கு மேற்பட்ட அடிகள் கூடுதலாக நடந்தனர். செவிலியர் இருந்ததற்கும் இல்லாததற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. முதல் உற்சாகம் 2,500 என்றால், ஓராண்டுக்குப்பின் எஞ்சுவது 600 என்று நான் கொள்கிறேன். இது சிறிதுதான், ஆனால் பொய்யில்லை.

சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வோ வேறு கதை சொல்கிறது. மணிக்கட்டுக் கருவியோடு பணமும் பெற்றவர்கள் ஆறு மாதம் நன்றாக நடந்தார்கள். பணம் நின்றபின் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. ஓராண்டு முடிவில் கருவியைத் தொடர்ந்து அணிந்திருந்தவர் பத்தில் ஒருவரே.

நடுவயதில் எத்தனை அடி போதும் என்று கேட்பீர்கள். சராசரி 45 வயதுடைய 2,110 அமெரிக்கரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 7,000 அடிகளாவது நடந்தவர்களிடையே, அதற்குக் குறைவாக நடந்தவர்களைவிட இறப்பு பாதிக்கும் கீழாக இருந்தது. மாரிஸின் கால்சட்டையை இங்கும் மறந்துவிடாதீர்கள். நலமாக இருந்ததாலேயே நடந்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.

உங்கள் வழக்கமான நடை எவ்வளவு என்று மருத்துவர் கேட்டால், ஒரு வாரத்துக்குப் பதிலாக இரண்டு வாரம் எண்ணி, முதல் வாரக் கணக்கைத் தள்ளிவிட்டு மற்றதைக் கொடுங்கள். முதல் வாரத்தில் நடந்தவர் கருவியை அணிந்த புதுமையில் இருந்தவர்.