தாழ்ச்சி யாருக்குரிய பாடம்?

கல்விக்கும் பட்டுக்கும் பெயர்பெற்றது காஞ்சி மாநகர். பல்லவர் காலத்தில் இங்குள்ள கடிகையை நாடி அறிஞர் வந்தனர். இன்றும் நெசவாளர் தறிக்குழியில் காலூன்றி அமர்ந்து கோர்வைச் சேலை நெய்கின்றனர். ஒவ்வோர் ஊடை ஓட்டத்திலும் கரையின் நிறமும் உடலின் நிறமும் தனித்தனியே ஓடிப் பின்னிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இருவர் கூடிச் செய்யும் பொறுமைப் பணி அது. அறிவும் கைத்தொழிலும் புகழ்சேர்த்த இந்நகரை நினைக்கையில், கையால் எழுதியே வாழ்நாளைக் கழித்த ஒரு துறவி நம் நினைவுக்கு வருகிறார். அவரே ‘கிறிஸ்துநாதர் அனுசாரம்’ என்னும் நூலின் ஆசிரியராகிய தோமாஸ் கெம்பிஸ்.

1380ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய நாட்டுக் கெம்பன் என்னும் ஊரில் பிறந்த இவர், 1399இல் நெதர்லாந்தின் ஸ்வோல் நகருக்கு அருகிலிருந்த புனித ஆக்னேஸ் மலை மடத்தை அடைந்தார், 1413இல் குருப்பட்டம் பெற்றார், 1471இல் இறந்தார். அச்சுக்கலை தோன்றுமுன்னர் நூல்களைப் படியெடுப்பதே மடத்தின் முக்கியத் தொழில். விவிலியம் முழுவதையும் அவர் நான்கு முறையேனும் படியெடுத்தார் என்பர். 1441இல் அவர் தம் கையாலேயே எழுதி முடித்த அனுசாரப் படி இன்றும் பிரசல்ஸ் நகரில் காக்கப்படுகிறது.

உள்ளத்தைத் தாழ்த்தாத கல்வி ஆன்மாவுக்கு உணவாகாது என்பது அந்நூலின் அடிநாதம். கல்வியை அவர் வெறுத்தாரல்லர். கற்றோரின் செருக்கையே கடிந்தார். சுவாமி விவேகானந்தர் பரிவிராசகராய்ப் பாரதமெங்கும் சுற்றியபோது கீதையோடு இந்நூலையும் உடன்கொண்டிருந்தார்; 1889இல் இதன் சில பகுதிகளை வங்க மொழியில் பெயர்க்கவும் செய்தார்.

காஞ்சியும் இந்த ஞானத்தை அறியாததன்று. 11ஆம் நூற்றாண்டில் வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் பணி செய்தவர் திருக்கச்சி நம்பிகள். வேதாந்தம் கற்ற இராமானுசர், குலத்தால் தாழ்ந்தவர் என்று உலகம் எண்ணிய அந்நம்பிகளை அணுகித் தம் ஐயங்களுக்கு விடை வேண்டி நின்றார் என்பது வைணவ மரபு.

இங்கே நம்மை ஒரு வினா உறுத்துகிறது. தாழ்ச்சியைப் போற்றும் நூல்கள், உழைப்பவரை வாய்மூடியிருக்கச் செய்யும் கருவிகளாகிவிடுமோ? கூலி போதவில்லை என்னும் நெசவாளரிடம், “பொறுத்துக்கொள், அதுவே புண்ணியம்” என்று சொல்ல இந்நூல் இடந்தருமோ? தராது. கெம்பிஸ் எழுதியது முதலாவதாகத் தம்மைப் போன்ற துறவியருக்கே. செருக்குக்கு ஆளாகக்கூடிய கற்றோருக்கே. ஆலவட்டம் வீசியவர் குனியவில்லை. வேதம் கற்றவரே குனிந்தார். இராவுணவு வேளையில் சீடரின் பாதங்களைக் கழுவியவரும் ஆண்டவரேயன்றி அடிமையல்லர்.

ஆகவே தாழ்ச்சி, ஏற்கெனவே குழியில் அமர்ந்திருப்பவர்மீது சுமத்தும் பாரமன்று. மேலே நிற்கும் நாம் இறங்க வேண்டிய படி. பட்டுடுத்தித் திருப்பலிக்குச் செல்லும் நாம், அதை நெய்த கைகளுக்கு உரிய கூலியும் மதிப்பும் கிட்டினவா என்று கேட்கத் தொடங்கும்போதே, அனுசாரத்தை வாசித்தவர்கள் ஆவோம்.