வேளச்சேரியில் தொடங்கி பள்ளிக்கரணையில் நின்றுபோன ஒரு தீர்மானம்



பழைய மாணவி ஒருத்தி பாண்டி பஜார் நடைபாதையில் குழந்தையோடு நின்று எடுத்த படத்தை அனுப்பி, "டீச்சர், நம்ம தாம்பரத்துக்கு இது எப்ப வரும்?" என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சரித்திர டீச்சரிடம் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கிய காலம் ஒன்று உண்டு. வரி கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள். அதை வண்டியில் மாட்டாமல் போனால் பிடித்துக்கொள்வார்கள். விளக்கு இல்லாவிட்டாலும் அபராதம், டபுள்ஸ் போனாலும் அபராதம். சைக்கிள்காரனிடம் வாங்கத் தெரிந்த அளவுக்கு அவனுக்குச் செலவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் 1970இல் சென்னைப் பகுதியில் நடந்த பயணங்களில் ஐந்தில் ஒன்று சைக்கிளிலும் ரிக்‌ஷாவிலும்தான். 2008 வாக்கில் எடுத்த ஆய்வில் சைக்கிள் 6 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. நடப்பவர்கள் மட்டும் குறையவில்லை, 28 சதவீதம்.

2014 அக்டோபரில்தான் சென்னை மாநகராட்சி திருப்பிக் கொடுக்க முன்வந்தது. சைதை துரைசாமி மேயராக இருந்த சமயம். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை ஒன்றை ஏற்றார்கள். இந்தியாவில் ஒரு நகரம் இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று அதில் எழுதினார்கள். 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை இருக்க வேண்டும், நடந்தோ சைக்கிளிலோ போகும் யாரும் விபத்தில் சாகக் கூடாது என்றும் இலக்கு வைத்தார்கள்.

60 சதவீதம் கொஞ்சம் அதிகமோ என்று முதலில் எனக்கே தோன்றியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒருவர் நடக்கிறார் அல்லது மிதிக்கிறார். பஸ்ஸில், ரயிலில் போகிற மற்றவர்களும் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடந்துதானே போகிறார்கள்? எனக்கு அது நியாயமான பங்காகத்தான் படுகிறது.

பெசன்ட் நகர் போன்ற சில இடங்களில் அகலமான நடைபாதைகள் வந்தன. ஆனால் கொள்கையை ஏற்ற மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிக்கொண்டே போய், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. இலக்கு வைத்த 2018 வந்து போனபோது, "எங்கே அந்த 80 சதவீதம்? எங்கே அந்த 60?" என்று எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை! கொள்கையைக் குறை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்ததும் அந்த இடைவெளியில்தான், 2019 நவம்பரில், ஸ்மார்ட் சிட்டி பணத்தில். ஒரு தெரு அழகானது, சந்தோஷம். ஆனால் எழுதி வைத்தது எல்லாத் தெருக்களுக்கும் அல்லவா?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது மடிப்பாக்கமும் பள்ளிக்கரணையும் உள்ளே போயின. மேடவாக்கம் போகவில்லை, பல்லாவரமும் தாம்பரமும் போகவில்லை. ஒரு பையன் வேளச்சேரியில் சைக்கிளை எடுத்தால் பள்ளிக்கரணை வரை அந்தக் கொள்கை அவனுக்கு உண்டு. மேடவாக்கம், சந்தோஷபுரம், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு, சேலையூர் எல்லாம் எல்லைக்கு வெளியே. லாரி மட்டும் எல்லை பார்ப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் கொடுத்தது. சைக்கிளைக் கொடுத்தது ஒரு துறை. அதை ஓட்ட இடம் தரவேண்டிய துறை வேறு.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. 70 வார்டுகள். ஜி.எஸ்.டி. ரோடு தேசிய நெடுஞ்சாலை, வேளச்சேரி ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. அதனால் "எங்கள் ரோடு இல்லையம்மா" என்ற பதில் தயாராகவே இருக்கும். உட்புறத் தெருக்கள் அவர்களுடையவைதானே? ரயில் நிலையத்துக்கும் பள்ளிக்கும் போகிற வழி அவைதானே?

கோவை எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. விபத்தில் எலும்பு உடைந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஒரு டாக்டர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்.

ஆகவே, அம்மா, உன் கேள்விக்குப் பதில்: 2014 கொள்கையின் இரண்டு வரிகளை, அந்த 60ஐயும் 80ஐயும், ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு முன்னால் எங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுத்து, தாம்பரத்துக்கு எத்தனை என்று கேட்கப் போகிறேன். செம்பாக்கம், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூரில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் வார்டில் இதையே கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல்!