மினி டிராக்டர் சேற்றில் சிக்கினால் என்ன செய்வது? டிஃபரென்ஷியல் லாக்கை எப்போது மிதிக்கலாம், எப்போது தொடவே கூடாது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் உழவு ஓட்டியவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. கேரளத்தில் கரிசல் மண் இருக்கும் அபூர்வமான பகுதி அது. ஒரு நல்ல மழை விழுந்ததும் நிலம் பசை மாதிரி ஆகிவிடும். வாய்க்கால் ஓரமாக வண்டியைத் திருப்புகிறீர்கள். வலது பின்சக்கரம் சர்ரென்று சுற்றுகிறது, இடது சக்கரம் அசையாமல் நிற்கிறது. ஆக்சிலரேட்டரைக் கூட்டக் கூட்ட, சுற்றுகிற சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்கிறது.

இடுக்கியில் மறையூர், காந்தல்லூர், வட்டவடை பக்கம் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே சேற்றைவிடச் சரிவுதான் பயம். ஆனால் இரண்டு இடத்திலும் கை கொடுப்பதும், தப்பாகப் பயன்படுத்தினால் ஆளையே கவிழ்ப்பதும் சீட்டுக்குக் கீழே குதிகால் பக்கம் இருக்கும் அதே சின்ன பெடல்தான்.

ஒரு சக்கரம் மட்டும் ஏன் சுற்றுகிறது?

பின்சக்கரங்களுக்கு நடுவே சுமார் ஒரு மீட்டர் இடைவெளி உள்ள ஒரு சின்ன டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்பு முனையில் கால் வட்டம் அடித்துத் திரும்பும்போது வெளிச்சக்கரம், உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அதிகமாக ஓடியாக வேண்டும். இரண்டும் ஒரே தண்டில் இறுகி இருந்தால் ஏதாவது ஒன்று இழுபட்டுத்தான் திரும்பும். அதைத் தவிர்க்கத்தான் நடுவில் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டு இருக்கிறது. ஒரு சக்கரம் மெதுவாகப் போனால், மற்றது அந்த அளவுக்கு வேகமாகச் சுற்றிக்கொள்ளும். ஒன்று முழுசாக நின்றுவிட்டால் மற்றது இரட்டை வேகத்தில் சுற்றும். சேற்றில் நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு. திருப்பு விசையை இரண்டு பக்கமும் சமமாகத்தான் பிரிக்கும். சேற்றில் இருக்கும் சக்கரத்துக்குப் பத்துப் பங்கு விசை கொடுத்தாலே வழுக்குகிறது என்றால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே பத்துப் பங்குதான் போகும். 24 எச்பி இன்ஜின் இருந்தும் வண்டி நகராததற்குக் காரணம் இதுதான், இன்ஜினைத் திட்டிப் பயனில்லை.

லாக் பெடலை மிதித்தால் உள்ளே ஒரு கவை நகர்ந்து பல் கிளட்ச் ஒன்றைக் கோர்க்கும். இரண்டு பின்சக்கரமும் ஒரே தண்டு போல ஒரே வேகத்தில் சுற்றும். பிடிப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ, விசை அந்தப் பக்கம் போகும். இரண்டு சக்கரமும் சேற்றில் இருந்தால்? லாக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கருவியைத் தூக்குங்கள், சுமையைக் குறையுங்கள், இல்லையென்றால் கேஜ் வீல் மாட்டுங்கள்.

பவர் டில்லரில் இருந்து மினி டிராக்டருக்கு மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. அத்தாணியில் இருக்கும் காம்கோ தயாரிப்பு போன்ற டில்லர்களில், திரும்பும் பக்கத்துப் பிடியை அழுத்தி அந்தச் சக்கரத்துக்குப் போகும் விசையைத் துண்டிப்பீர்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. டிராக்டரில் திருப்பத்தை டிஃபரென்ஷியல் பார்த்துக்கொள்ளும். நீங்கள் லாக் போட்டு அதைக் கட்டிப்போட்டால் வண்டி திரும்பாது, நேராகத்தான் போகப் பார்க்கும்.

எப்படி மிதிப்பது?

சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதிக்காதீர்கள். பலர் செய்யும் தப்பு இது. உள்ளே பல்லோடு பல் மோதும். 'கடக்' என்று கேட்கும் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் பெரிய செலவு இருக்கிறது. கிளட்சை அழுத்தி, ஆக்சிலரேட்டரைக் குறைத்து, சக்கரம் நின்ற பிறகு லாக்கை மிதியுங்கள். உடனே கோர்க்கவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். பெடலை மிதித்தபடியே கிளட்சை மெல்ல விட்டால், சக்கரம் கொஞ்சம் நகர்ந்ததும் பல் தானாக அமரும். முதல் கியரில், ஸ்டீயரிங்கை நேராக வைத்து வெளியே வாருங்கள். கெட்டித் தரை வந்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

பல மாடல்களில் ஸ்பிரிங் இழுத்து லாக் தானாக விடுபடும். சில சமயம் விடாது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே முறுக்கம் நிற்பதால் பல் இறுகிக்கொள்ளும். அப்போது கிளட்சை அழுத்திவிட்டு இடது, வலது பிரேக்கை மாற்றி மாற்றி லேசாகத் தட்டுங்கள். அல்லது கொஞ்சம் பின்னால் எடுங்கள். விடுபட்டதா என்று சந்தேகமாகவே இருந்தால் ரோட்டுக்கு வர வேண்டாம்.

கலப்பை போட்டு உழும்போதும் இது உதவும். ஒரு சக்கரம் சாலுக்குள்ளும் மற்றது உழாத மேட்டிலும் ஓடும்போது மேட்டுச் சக்கரத்தில் பாரம் குறைந்து வழுக்கும். நேர் ஓட்டத்தில் லாக் போடலாம். முனை வருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

எங்கே உயிருக்கு ஆபத்து?

மறையூரில் கரும்பு டிரெய்லரோடு சரிவில் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். லாக் விடுபடாமல் இருந்தால் வளைவில் ஸ்டீயரிங் திரும்பும், வண்டி முழுசாகத் திரும்பாது. பள்ளத்தைப் பார்த்து நேராகப் போகும். தார் ரோட்டிலும், வேகமான கியரிலும், வளைவிலும், இறக்கத்திலும் லாக் கூடவே கூடாது என்பது இதனால்தான். ரோட்டில் இரண்டு பிரேக் பெடலையும் கொண்டியால் சேர்த்துவிடுவதும் அதே அளவு முக்கியம்.

இரண்டாவது ஆபத்து பின்பக்கமாகக் கவிழ்வது. சிக்கிய வண்டியின் பின்சக்கரத்தில் மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி, லாக்கும் போட்டு ஏற்றுகிற பழக்கத்தைப் பல ஊர்களில் பார்க்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். கட்டை தரையில் முட்டிச் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், இன்ஜினின் விசை சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக டிராக்டரின் மூக்கைத் தூக்கும். முழுசாக மல்லாந்து விழ ஒன்றரை வினாடி போதும். நீங்கள் கிளட்சை நினைப்பதற்குள் முடிந்துவிடும். லாக் போட்டு இரண்டு முயற்சியில் வரவில்லை என்றால் இறங்கி மண்வெட்டியை எடுங்கள். சக்கரத்துக்கு முன்னால் மண்ணைச் சரித்து வழி பண்ணுங்கள், அல்லது இன்னொரு வண்டியை அழைத்துத் தாழ்வான கொக்கியில் கட்டி இழுக்கச் சொல்லுங்கள்.

நான்கு சக்கர இழுவை இருக்கிறதே, எதுக்கு லாக் என்று கேட்பவர்கள் உண்டு. 4 வீல் டிரைவ் முன் அச்சுக்கும் விசையைக் கொடுக்கும், அவ்வளவுதான். பின் அச்சுக்குள் ஒரு சக்கரம் வழுக்கும் பிரச்சினை அப்படியே இருக்கும். பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் லாக் பின் அச்சுக்கு மட்டுமே.

பராமரிப்பு

சேத்துழவு முடிந்ததும் பெடலுக்கு அடியில் பாருங்கள். காய்ந்த சேறுதான் இந்த லாக்கின் முதல் எதிரி. பெடல் பாதியில் நின்றுவிடும், பல் அரைகுறையாகக் கோர்த்து முனை தேயும். கழுவி, கீல்களிலும் பின்களிலும் கிரீஸ் வையுங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். விலை குறைந்த பாகம்தான். அதை விட்டுவைத்தால் பின் அச்சையே பிரிக்க வேண்டி வரும், முண்டகன் நடவு நேரத்தில் வண்டி ஒர்க்ஷாப்பில் நிற்கும்.

அடுத்தது எண்ணெய். பல மாடல்களில் கியர், டிஃபரென்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். ஆக்சில் சீல் தேய்ந்தால் வயல் தண்ணீர் உள்ளே போகும். டிப்ஸ்டிக்கை எடுத்தால் பால் டீ நிறத்தில் இருக்கிறதா? தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெயோடு சீலையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டி என்றால் பிரேக்குக்கும் கேடு.

டயரையும் கவனியுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் மொட்டை என்று ஓட்டினால் இரண்டின் சுற்றளவும் வேறு. லாக் போட்டதும் அச்சில் முறுக்கம் ஏறும், விடுபடவும் அடம் பிடிக்கும். காற்றழுத்தமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? கெட்டியான சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுங்கள். இன்ஜின் ஆஃப், கியர் மட்டும் போட்டிருக்கட்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப் பக்கம் சுற்ற வேண்டும். இப்போது ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி மறுபடி சுற்றுங்கள். கொஞ்சம் நகர்ந்து, பல் அமர்ந்ததும் சக்கரம் நின்றுவிட வேண்டும். அதன் பிறகும் வழுக்கிக்கொண்டு சுற்றினால் பல்லோ கவையோ தேய்ந்திருக்கிறது. காலை எடுத்த பிறகு பழையபடி சுற்றவில்லை என்றால் லாக் விடவில்லை. இரண்டில் எது நடந்தாலும், மெக்கானிக் பார்த்துச் செலவுக் கணக்கு சொல்லாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.