பேசாதவருக்கான தேர்வு

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது வழக்கு. கணிப்பொறி உலகிலும் இவ்வழக்கு ஆட்சி செலுத்துகிறது. நிரல் எழுதுவோர் எதையும் குறிப்பிடாதபோது, கருவி தானே ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. அதனை 'இயல்பிருப்பு' என்பர். எந்தத் தொகுப்பியைக் கையாள்வது, எவ்வகைப் பொறிக்காக நிரலை ஆக்குவது என்னும் இரு வினாக்களுக்கும் பெரும்பாலும் இயல்பிருப்பே விடையளித்து வந்துள்ளது.

மனிதர் படித்தறியும் மொழியில் அமைந்த நிரலைப் பொறியின் ஆணைகளாக மாற்றித் தருவதே தொகுப்பி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976ஆம் ஆண்டு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை உருவாக்கினார். சி மொழிக் கோப்பைக் கண்டால், 'சிசி' என்ற பெயருடைய தொகுப்பியை அது தானாகவே அழைத்தது. அந்நாளில் ஒரு பொறியில் ஒரு சி தொகுப்பி இருப்பதே வழக்கமாதலால், அவ்வொரு பெயரே போதுமானதாயிற்று.

பின்னர்ப் பொறிகளும் பெருகின, தொகுப்பிகளும் பெருகின. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் ஜிசிசி தொகுப்பியை வெளியிட்டார். அது பலவகைப் பொறிகளுக்கும் ஆணைகளை ஆக்க வல்லது. எனினும், அதனை நிறுவும்போது இலக்குப் பொறி எதுவென்று கூறாவிடில், அது எப்பொறியில் இயங்குமோ அப்பொறியையே இலக்காகவும் கொள்ளும்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. இன்டெல் நிறுவனத்தின் 80386 செயலி 1985இல் வெளிவந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கியதும் அச்செயலி கொண்ட பொறியில்தான். டெபியன் அமைப்பினர் தம் வெளியீட்டுக்கு 'ஐ386' என்றே பெயர் சூட்டினர். ஆயினும், பல பணிகள் ஒரே நினைவிடத்தை நாடும்போது குழப்பம் நேராமல் காக்கும் இன்றியமையாத ஆணையொன்று 80486 செயலியில்தான் இடம்பெற்றது. பழைய செயலியையும் தாங்கினால் புதிய பொறிகள் அனைத்தும் வேகம் இழக்கும். கைவிட்டாலோ, பழைய பொறியை வைத்திருப்போர் வெளியே நிற்பர். டெபியன் 2005இல் 80386 செயலியைக் கைவிட்டது. லினக்ஸ் கருவும் 2012 டிசம்பரில் அதற்கு விடைகொடுத்தது. 2017இல் வெளிவந்த டெபியன் 9, 686 வகைச் செயலியையே அடிப்படையாகக் கொண்டது. 2025இல் வெளிவந்த டெபியன் 13இல் 'ஐ386' வகைக்குக் கருவும் இல்லை. நிறுவும் கருவியும் இல்லை. தன் பெயருக்குரிய செயலியில் இயங்காமலேயே அவ்வெளியீடு இருபது ஆண்டுகள் வாழ்ந்தது!

தொகுப்பியின் வரலாறும் இத்தகையதே. ஜிசிசியின் உரிமம் 2007இல் மாறியபின், ஃப்ரீபிஎஸ்டி அமைப்பினர் அதன் பழைய பதிப்போடு நின்றுவிட்டனர். 2014இல் வெளியான பத்தாம் பதிப்பில், பெரும்பாலோர் பயன்படுத்தும் பொறிகளில் 'கிளாங்' இயல்பான தொகுப்பியாயிற்று. 'சிசி' என்ற பெயர் நிலைத்தது. அப்பெயருக்குப் பின்னிருந்து உழைப்பது மாறிவிட்டது.

இவற்றால் விளங்குவது யாது? இயல்பிருப்பு என்பது இயற்கையன்று. யாரோ சிலர் கூடி, யாரை ஏற்பது, யாரை விடுப்பது என்று செய்த தீர்ப்பு. மாற்றிக்கொள்ளும் வழி கருவியில் உண்டெனினும், அவ்வழியை நாடுவோர் சிலரே. பேசுவோர் தம் தேவையைத் தாமே கேட்டுப் பெறுவர். பேசாதவருக்காகத் தேர்ந்தெடுப்பவர்தாம் பொறுப்பு மிக்கவர். புதியதை ஏற்கத் தயங்குதல் தேக்கம்; பழையதை அறிவிப்பின்றி அகற்றுதல் அநீதி. இரண்டிற்கும் இடையே, காலமறிந்து, காரணமும் உரைத்துச் செய்யும் மாற்றமே நல்ல தேர்வாகும்.